மலையில் மனிதர் இல்லையா?

ஏற்காட்டைப் பற்றிய பிரயாணக் கட்டுரைகள் எங்கே கண்ணில் பட்டாலும் விடாமல் படித்துவிடுவேன். சேலத்துச் சமவெளியில் வெயிலில் வளர்ந்தவனுக்கு அந்த மலை, வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி. அதைப் பற்றி யார் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு ஆவல். ஆனால் பத்துக் கட்டுரைகளைப் படித்து முடித்ததும், ஒரே கட்டுரையைப் பத்துப் பேர் ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டு அனுப்பினார்களோ என்ற சந்தேகம் வந்துவிடுகிறது.

இருபது கொண்டை ஊசி வளைவு, காதை அடைக்கும் குளிர்காற்று, ஏரியில் படகு, பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி, இரவில் லேடீஸ் ஸீட்டிலிருந்து சேலத்து விளக்குகள், சூடாக ஒரு காபி. முற்றும். தமிழ் நன்றாகத்தான் இருக்கிறது. வர்ணனைக்கும் குறைவில்லை. படித்தபின் மனத்தில் ஒன்றும் தங்குவதில்லை, அவ்வளவுதான்.

ஏன் தங்குவதில்லை? தொல்காப்பியரிடம் இதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தின் தெய்வம், உணவு, மரம், பறவை, பறை, தொழில் எல்லாம் கருப்பொருள். அங்கே மனித நெஞ்சில் நடப்பது உரிப்பொருள். கவிதைக்குச் சொன்ன இலக்கணத்தை வசனத்துக்கு இழுக்கிறாயே என்று பண்டிதர்கள் கோபிக்கலாம். இருக்கட்டும். நம் பிரயாணக் கட்டுரைகள் முதற்பொருளோடு நின்றுவிடுகின்றன என்பதைச் சொல்ல இதைவிட நல்ல கோல் எனக்குக் கிடைக்கவில்லை.

நாமக்கல் பக்கத்துக் கொல்லிமலைக்கு வன்பரணர் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார் என்றே சொல்வேன். புறநானூற்றின் 152ஆம் பாட்டு அது. பாணர் கூட்டம் ஒன்று காட்டு வழியில் ஒரு வேடனைச் சந்திக்கிறது. அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாக ஊடுருவிப் போகிறது. பாடுகிறார்கள். தன் பேர் பாட்டில் வந்ததும் அவன் வெட்கப்படுகிறான். வேட்டைக் கறியும் மதுவும் கொடுத்து, மலையில் விளைந்த பொன்னையும் மணியையும் காட்டிலேயே அள்ளிக் கொடுக்கிறான். அவன்தான் வல்வில் ஓரி. கொல்லிமலை எத்தனை அடி உயரம் என்று அந்தப் பாட்டில் இல்லை. ஆனால் அந்த மலைக்குரிய ஒருவனின் வெட்கம் இருக்கிறது. இத்தனை நூற்றாண்டு கழித்தும் பாட்டு நிற்பது அந்த வெட்கத்தினால்தான்.

வெள்ளைக்காரர்களிலும் இதை அறிந்தவர் உண்டு. இங்கிலாந்தின் வடமேற்கில் மலையும் காடும் ஏரியுமான சீமைக்கு வேர்ட்ஸ்வொர்த் ஒரு வழிகாட்டிப் புத்தகம் எழுதினார். 1810ல் தொடங்கி 1835 வரை திருத்தித் திருத்தி வெளியிட்டார். இயற்கையைச் சொன்ன கையோடு, அங்கே குடியிருப்பவர்கள் அந்த நிலத்தை எப்படி ஆக்கினார்கள் என்று தனிப் பகுதியே வைத்தார். ஆனால் 1844ல் விண்டர்மியருக்கு ரயில் வரப்போகிறது என்றதும் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி எதிர்த்தார். இயற்கையை ரசிக்கப் பழக்கம் வேண்டும், தொழிலாளிகளைக் கூட்டமாகக் கொண்டுவந்து இறக்கினால் அவர்களுக்கு அதனால் பயனில்லை என்பது அவர் வாதம். 1847ல் ரயில் வந்தே விட்டது.

இந்த இடத்தில் நான் கவியோடு ஒத்துப்போக மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஏற்காடு ஏறும் தறிக்காரருக்கும் மில் தொழிலாளிக்கும் அந்த ஏரியில் முழு உரிமை உண்டு. ரசனை பழகி வருவது என்பது சரி. அப்படியானால் பழக்குவது யார் வேலை? எழுதுகிறவன் வேலை.

அந்த வேலைக்கு விஷயமா இல்லை? 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காபியைக் கொண்டுவந்தார். இன்று அதைப் பறிக்கும் கைகள் யாருடையவை? ஏரி நிரம்பி வழியும் நீர்தான் கிளியூர் அருவியாக விழுகிறது. இரண்டையும் தனித்தனியாக வர்ணித்தவர்கள் இந்த உறவைச் சொல்வதில்லை. மலையாளிகள் என்று பேர் கொண்ட பழங்குடியினர் அங்கே இருக்கிறார்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்று தங்களைப் பற்றி ஒரு கதை வைத்திருக்கிறார்கள். மே மாதம் குகைக்கோயிலில் சேர்வராயனுக்குத் திருவிழா எடுக்கிறார்கள். அதே மே மாதத்தில் கோடை விழாவுக்குப் போய் மலர்க் கண்காட்சியை மூன்று பக்கம் எழுதுகிறவர், இவர்களுக்கு மூன்று வரி ஒதுக்குவதில்லை.

இது வெறும் இலக்கியக் குறை அல்ல. மலையில் யாரும் இல்லை என்று படித்துவிட்டுப் போகிறவர், யாரும் இல்லாத இடத்தில் நடப்பது போலத்தான் நடப்பார். கத்துவார், பாட்டிலை உடைப்பார், காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் ஏரிக்கரையில் எறிந்துவிட்டு வருவார். அது இன்னொருவர் வீட்டு வாசல் என்று தெரிந்தால் கை கொஞ்சம் கூசும். அந்தக் கூச்சத்தை உண்டாக்குகிற கட்டுரை ஒன்றையாவது யாராவது எழுத வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளை இனி எண்ண வேண்டியதில்லை; அவை இருபதேதான்.