மேற்கே பார்த்த படங்கள்

கான்சாபுரத்தில் எந்த வரப்பில் நின்றாலும் மேற்கே மலைதான் மதில். வடக்கே சதுரகிரிப் பக்கம் தொடங்கி, தெற்கே ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் தாண்டி நீள்கிறது. 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயமாகி, 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமான காடு அது. எங்கள் மலையேற்ற நண்பர்கள் தங்கள் இணையப் பக்கத்தின் முகப்புக்குப் பருவத்துக்கு ஒன்றாக நான்கு படங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும்படி கேட்டார்கள். நூற்றுக்கும் மேலான படங்கள் வந்து சேர்ந்தன. மூன்று இரவுகள் அவற்றோடு உட்கார்ந்திருந்தேன். அந்த மூன்று இரவுகளும் எனக்குக் கிடைத்த வரம்.

முதல் சிக்கலே ‘நான்கு’ என்ற எண்ணில்தான். பூ, வெயில், சிவந்த இலை, பனி என்பது குளிர்நாட்டுக் கணக்கு. நம் கணக்கு ஆறு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று இரண்டிரண்டு மாதமாக ஆண்டைப் பகுப்பது மரபு. அவற்றில் கூதிரையும் முன்பனியையும் மலைக்கு, அதாவது குறிஞ்சிக்கு, உரியதாகத் தந்தது தொல்காப்பியம். ஆறு படம் வேண்டும் என்றேன். ஒப்புக்கொண்டார்கள்.

முகப்புப் படம் ஒடுங்கி நீண்ட துண்டு. உயரத்தைப் போல மூன்று நான்கு மடங்கு அகலம். அருவியோ கோபுரமோ அதில் நின்றால் தலை போகும், இல்லையென்றால் கால் போகும். இந்த மலையோ அந்த வடிவத்துக்கென்றே படுத்துக்கிடப்பது போலிருக்கிறது. கிழக்கிலிருந்து மேற்கே பார்த்து எடுக்கும் படம் என்பதால் வெளிச்சமும் தன் கணக்கைச் சொல்லிவிடும். காலையில் வெயில் மலையின் முகத்தில் நேராக விழும். ஒவ்வொரு மடிப்பும், ஓடை இறங்கிய ஒவ்வொரு தடமும் தனித்தனியாகத் தெரியும். மாலையில் சூரியன் பின்னால் போய்விட, மலை வெறும் கருநீல விளிம்பாகிவிடும். சூரியன் அடைவதற்கு வெகு முன்பே மலையின் நிழல் வயல்களின் மேல் நடந்து வந்துவிடும். அந்தி வண்ணம் காட்டிய படங்கள் நிறைய வந்திருந்தன. ஒன்றையும் எடுக்கவில்லை. விளிம்பு மட்டும் தெரியும் மலை எந்த ஊர் மலையாகவும் இருக்கலாம்.

முதுவேனிலுக்கான ஆடி மாதப் படத்தைத்தான் அதிக நேரம் பார்த்தேன். மலைமுகடு முழுக்க மேகம். கேரளத்துப் பக்கம் பெய்து தீர்த்த மிச்சம், அடுப்பில் பொங்கிய பால் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டுவது போல இந்தப் பக்கம் வழிகிறது. ஆனால் மலையில் மூன்றில் ஒரு பங்கு இறங்குவதற்குள் ஓரம் நைந்து, பிசிறு பிசிறாகிக் காணாமல் போகிறது. முகடு தாண்டி இறங்கும் காற்று சூடேறும்; சூடேறிய காற்றில் துளிகள் ஆவியாகிவிடும். மழைமறைவுப் பகுதி என்று பள்ளிப் பாடத்தில் படித்தது இதுதான். மேகம் அத்தனை கிட்டத்தில் நிற்கிறது, கீழே கண்மாய் வெடித்துக் கிடக்கிறது. கருவேல மர நிழலில் ஆடுகள் ஒன்றின் அடியில் ஒன்று தலையைப் புதைத்துக்கொண்டு நிற்கின்றன. இரண்டும் ஒரே படத்தில் இருக்கின்றன.

அதே படத்தின் வலப்பக்கம் நான்கைந்து தென்னை. முதலில் கவனிக்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தபோது கீற்றுகள் இடமும் வலமும் விரியாமல், ஒன்றாகச் சேர்ந்து நம்மை நோக்கி நீண்டுகிடக்கின்றன. மேற்கிலிருந்து வரும் காற்று அவற்றை அப்படி வாரி விட்டிருக்கிறது. அதைக் கண்ட பிறகு படத்தைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தில் காற்றடிக்கிறது. எடுத்தவர் இதை நினைத்து எடுத்தாரா தெரியாது. காத்திருந்துதான் எடுத்திருக்கிறார் என்று மட்டும் தெரிகிறது. மேகத்தின் பிசிறு அந்தத் தென்னைகளுக்கு நேர் மேலே வந்து நிற்கும் நொடி அது.

கார்காலத்துக்கு, அடிவாரத்தில் மட்டும் சாரல் விழும் ஒரு புரட்டாசிப் படம் போதுமானதாக இருந்தது. கூதிருக்குத்தான் போட்டி. வடகிழக்குப் பருவமழைதான் இங்கே உண்மையான மழை. கண்மாய்களும் பிளவக்கல்லின் இரண்டு அணைகளான பெரியாறும் கோவிலாறும் அதை நம்பித்தான் இருக்கின்றன. (இந்தப் பெரியாறு வேறு, முல்லைப்பெரியாறு வேறு. வெளியூர் நண்பர்களுக்கு ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.) நான் எடுத்தது அணை ததும்பும் படத்தை அல்ல. மழை விட்ட மறுநாள் காலையில், தூசி கழுவப்பட்ட மலை. ஆடியில் சாம்பல் நீலமாகத் தெரிந்த பாறைகள் இப்போது கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டன. பாறை முகத்தில் ஏழெட்டு வெள்ளைக் கோடுகள், சுண்ணாம்பு தொட்ட விரலால் இழுத்தது போல. ஒவ்வொன்றும் ஓர் ஓடை. இரண்டு வாரம் கழித்துப் போனால் அவற்றில் பாதி இருக்காது.

இங்கே ஒரு பேச்சு வந்தது. பச்சையைக் கொஞ்சம் கூட்டினால் என்ன என்றார் ஒருவர். வேண்டாம் என்றேன். 2025 ஜூனில் பக்கத்து ஊரான கூமாபட்டியைப் பற்றிய காணொளிகள் நாடெங்கும் பரவியபோது, தண்ணீரும் பச்சையும் நிறைந்த ஊரை நினைத்துக்கொண்டு கூட்டம் கிளம்பி வந்தது. அணையில் இறங்கிக் குளிக்க அனுமதி இல்லை என்பதே வந்தவர்களில் பலருக்குத் தெரியாது. அந்த ஊர் அழகுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் படம் தன் மாதத்தைச் சொல்லிவிட வேண்டும். ஐப்பசிப் பச்சையைக் காட்டி ஆனியில் ஆளைக் கூப்பிட்டால் வருகிறவர் மலையைக் குறை சொல்லிவிட்டுப் போவார். பாவம் மலை.

பின்பனிப் படம் பொன்னிறம். மாசி, பங்குனியில் மேட்டுப் புற்கள் காய்ந்து, சரிவு முழுக்க வைக்கோல் நிறம். இலையுதிர்த்த மரங்கள் நரை முடிபோல ஊடே நிற்கின்றன. பார்த்த மாத்திரத்தில் மனத்தை அள்ளும். ஆனால் அந்த நிறத்தின் பொருள் தீ. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்களைச் சூழ்ந்தது இப்படிக் காய்ந்த புல்லில் பற்றிய தீதான். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. காட்டுத்தீ காலத்தில் மலைப் பாதைகளை மூடிவைக்கிறார்கள். வந்த பின்பனிப் படங்களில் ஒன்றில் முதுகுப்பையோடு நால்வர் புல்சரிவில் வரிசையாக நடந்தார்கள். அமைப்பில் அதுதான் சிறந்த படம். அதை ஒதுக்கிவிட்டு, மனிதர் இல்லாத, பாதையும் தெரியாத படத்தை எடுத்தேன். அந்த இரண்டு மாதம் மலையைக் கீழே நின்று பார்க்க வேண்டிய காலம்.

இளவேனிலுக்குச் சிவப்பு. குளிர்நாட்டில் இலை உதிரப்போகும்போது சிவக்கிறது. நம் தோப்பில் பிறக்கும்போதே சிவந்திருக்கிறது. ராஜபாளையத்து மாந்தோப்பு ஒன்றில் எடுத்த படம். கிளை நுனியில் தளிர்கள் செம்பு நிறத்தில், இன்னும் விறைக்காமல், ஈரத் துணிபோலத் தொங்குகின்றன. பக்கத்துக் கிளையில் அதே இலை கரும்பச்சையாக நிமிர்ந்து நிற்கிறது. பின்னால் மலை மங்கல். மாந்தளிர் நிறம் என்று சேலைக்கடையில் கேட்டு வாங்கும் நிறம் இந்தத் துவண்ட இலையில்தான் இருக்கிறது.

கடைசியாக முன்பனி. மார்கழி விடியல், நடவு முடிந்த வயல். பனி வயலின் மேல் இடுப்பளவுக்குப் படுத்திருக்கிறது. மலையின் அடி அழிந்து, முகடு மட்டும் தனியாக மிதக்கிறது. படம் எடுத்தவரின் முதுகுக்குப் பின்னால் சூரியன் எழுந்துகொண்டிருக்க வேண்டும், ஏனென்றால் முகட்டின் நுனிப் பாறை மட்டும் மஞ்சளாக எரிகிறது. இடது ஓரத்தில், பார்த்தால்தான் தெரியும், வரப்பில் ஒருவர். தலையில் துண்டு, தோளில் மண்வெட்டி. அவரிடம் வெயில் இன்னும் வந்து சேரவில்லை. கைபேசியில் பார்க்கும்போது படத்தின் ஓரங்கள் வெட்டுப்படும், அவர் போய்விடுவார் என்றார்கள். முகட்டை நடுவிலிருந்து கொஞ்சம் நகர்த்தி, அவர் இருக்கும்படி வெட்டச் சொன்னேன்.