பூச்சுக் கடதாசியும் மட்டக்களப்பு வாவியும்

2023 ஒக்டோபர் 1ஆம் திகதி இலங்கையில் ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் குவளை, தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழாய், இடியப்பத் தட்டு ஆகியவற்றுக்குத் தடை வந்தது. தேநீர்க் கடைகளிலும் கோயில் திருவிழாக்களிலும் கடதாசிக் குவளை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. கடதாசிதானே, உக்கிவிடும் அல்லது மீள்சுழற்சிக்குப் போகும் என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கையில் பாதிதான் உண்மை. இந்தக் குவளை வெறும் கடதாசியல்ல, பூச்சுக் கடதாசி: உட்புறத்தில் ஒட்டியிருப்பது பொலித்தீன் படலம். எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு. நீண்டநாள் கெடாத பால் அடைத்து வரும் அட்டைப் பெட்டியில் பொலித்தீன் சுமார் 20 பங்கு, அலுமினியம் 5 பங்கு.

இவற்றை மீள்சுழற்சி செய்வதில் பயன் இல்லை என்று சொல்ல முடியாது. உணவுப் பொதிகளுக்குப் பெரும்பாலும் புது மரக்கூழையே பயன்படுத்துவதால், அதிலுள்ள நார் நீளமானது, வலுவானது. பலமுறை கூழாகித் தேய்ந்துபோன பழைய பத்திரிகைக் கடதாசியோடு அதைக் கலந்தால் தரம் உயரும். மட்டக்களப்பு மாவட்டத்திலுள்ள வாழைச்சேனைக் கடதாசி ஆலையை 1956இல் வைக்கோலை நம்பித்தான் தொடங்கினார்கள். பின்னர் கழிவுக் கடதாசியே அதன் மூலப்பொருளானது. நல்ல நாருக்கு இந்த நாடு எப்போதும் வெளியே கையேந்தி வந்திருக்கிறது. சேகரிப்பவர் கைக்கு நாலு காசு கிடைக்கும், வடிகாலில் அடைபடும் குப்பையும் குறையும் என்பவையும் சின்ன விஷயங்கள் அல்ல.

சிக்கல் கூழ்த் தொட்டியில் தொடங்குகிறது. சாதாரணக் கடதாசியைத் தண்ணீரில் போட்டுச் சுழற்றினால் விரைவில் கரைந்துவிடும். ஈரத்தைத் தாங்கவென்றே செய்த குவளை அப்படிக் கரையாது. சூடான நீரும் பலத்த அடியும் கூடுதல் நேரமும் வேண்டும். அதிகமாக அடித்தால் நார் முழுவதும் பிரியும், கூடவே படலமும் துணுக்குத் துணுக்காகக் கிழியும். மெதுவாக அடித்தால் படலம் பெரிய துண்டாக நிற்கும், வடித்தெடுக்கலாம். ஆனால் நாரில் ஒரு பங்கு அதோடு ஒட்டிக்கொண்டு கழிவுக்குப் போகும். இலாபம் பார்க்கும் ஆலை எந்தப் பக்கம் சாயும் என்பதை ஊகிக்கலாம். அடுத்து வரும் நுண்சல்லடைகளின் பிளவு 0.15 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். படலத்தின் தடிப்போ 0.02 மில்லிமீற்றர்தான். பக்கவாட்டில் திரும்பிய துணுக்கு தடையின்றி நுழைந்துவிடும்.

கழிவுநீரைப் பரிசோதிக்கும் முறையும் இதைக் காட்டிக்கொடுக்காது. உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீரில் மிதக்கும் திண்மம் லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இலங்கையின் பொது நியமம். அதில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் பொலித்தீன் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்தில் ஒரு மில்லிமீற்றர் நீள அகலமுள்ள துணுக்குகள் ஒவ்வொரு லீற்றரிலும் 2,700 அளவில் வருகின்றன. எடையில் பார்த்தால் அந்த நீர் சட்டப்படி சுத்தமானது. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு பிளாஸ்டிக் மீள்சுழற்சி ஆலையின் கழுவுநீரை ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட முடிவும் இந்தக் கவலையைக் கூட்டுகிறது. வடிகட்டி பொருத்திய பின்னரும், உள்ளே வந்த பிளாஸ்டிக்கில் நூற்றுக்கு 6 பங்கு நுண்துகளாக வெளியேறக்கூடும் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள்.

பூச்சுக் கடதாசியைக் கூழாக்கும் ஆலை ஒன்று எங்கள் மட்டக்களப்பில் இயங்கினால், அதன் கழிவுநீர் எங்கே போய்ச் சேரும் என்பதே முதன்மையான கேள்வி. மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளமுள்ளது. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும்தான் அது கடலைத் தொடுகிறது. வறண்ட மாதங்களில் மணல் திட்டு முகத்துவாரத்தை மூடிவிடும். மாரி வெள்ளம் வந்துதான் திறக்க வேண்டும். அதுவரை உள்ளே விழுந்தது உள்ளேயே கிடக்கும்: கண்டல் வேர்களில், சேற்றில், அந்தச் சேற்றில் மேயும் இறாலின் குடலில். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து மேற்குக் கரையில் கொட்டிய பிளாஸ்டிக் குருணைகளைச் சல்லடை கொண்டு அரித்து அள்ளினார்கள், அதுவும் முழுதாக முடியவில்லை. கண்ணுக்கே தெரியாத படலத் துணுக்கை யார் அள்ளுவது?

குவளையையும் பால் பெட்டியையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்பது என் கருத்து. பால் பெட்டிக்கு மாற்றுத் தேடுவது கடினம். நீரை வெளியே விடாமல் சுழற்சியில் வைத்திருக்கும் பெரிய ஆலைக்கு அதைத் தனியாகத் திரட்டி அனுப்புவதில் நியாயம் உண்டு. குவளை அப்படியல்ல. கடையில் கண்ணாடிக் கிளாஸ் இருக்கிறது, அன்னதானத்துக்குத் தாமரை இலை இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூசிய கடதாசிக் குவளையையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. உற்பத்தியாளர்கள் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2023 ஒக்டோபரில் குவளைத் தடையை உறுதி செய்தது. அங்கே அமலாக்கம் தளர்ந்திருப்பது உண்மைதான். ஆனாலும் குவளை கடதாசியல்ல, பிளாஸ்டிக் கலந்த பொருள் என்று சட்டம் சொன்னது பெரிய காரியம். அதே மாதம் நடைமுறைக்கு வந்த எங்கள் தடையும் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆலைக்கான சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தில் எடையோடு துகள் எண்ணிக்கையையும் அளக்கச் சொல்ல வேண்டும். வடிகட்டியில் சிக்கும் சேறும் கவனத்துக்கு உரியது. கடதாசி ஆலைச் சேற்றை மண்ணுக்கு உரமாக இடும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை வயல்களில் அது நடந்தால், பிடித்துவைத்த துணுக்குகள் அடுத்த மாரி மழையோடு வாவிக்கே வந்து சேரக்கூடும். பூச்சுக் கடதாசி கலந்த ஆலைச் சேற்றை வயலில் இடுவதை இப்போதே தடுக்க வேண்டும்.