குறிப்பேட்டில் 9.81

செய்முறைத் தேர்வு நாளில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் ஒரு விந்தை நிகழ்கிறது. இருபது மாணவர்கள் இருபது தனி ஊசல்களை ஆட்டுகிறார்கள். நூலின் நீளம் வேறு, குண்டு வேறு, கடிகாரம் வேறு. ஆனாலும் இருபது பேருக்கும் புவியீர்ப்பு முடுக்கம் 9.81 என்றே வந்துவிடுகிறது!

"சரியான விடைதானே, இதில் என்ன குறை?" என்று கேட்கலாம். குறைகள் இரண்டு. முதலாவது, 9.81 என்பது ஏறக்குறைய 45 பாகை அகலாங்கில் உள்ள ஊர்களுக்குரிய அளவு. புவி சுழல்வதாலும், நடுக்கோட்டுப் பகுதியில் சற்றுப் புடைத்திருப்பதாலும் நம் பக்கத்தில் இது குறைவு. 12.5 பாகையில் இருக்கும் கல்பாக்கத்துக்குக் கணக்கிட்டால் சுமார் 9.78 வரும். இரண்டாவது, ஒரு மீட்டர் ஊசல் 20 முறை அலைய 40 விநாடி ஆகிறது. கடிகாரத்தை அமுக்கும் விரல் 0.2 விநாடி பிசகினாலும் விடை 0.1 அளவுக்கு மாறும். எனவே ஒருவருக்கு 9.7, மற்றொருவருக்கு 9.9 எனச் சிதறுவதே இயல்பு. சிதறாத விடையைத் தந்தது ஊசல் அன்று, பாடநூல்.

மாணவரை மட்டும் பழிப்பதற்கில்லை. நான் படித்த காலத்தில் 9.65 என்று எழுதிக் காட்டினேன். "திரும்பச் செய்" என்று குறிப்பேடு திரும்பி வந்தது. மறுமுறை நான் ஊசலைத் தொடவே இல்லை. 9.80 வரும்படி நேரத்தைத் திருத்தி எழுதினேன். முழு மதிப்பெண் கிடைத்தது. இன்று மதிப்பெண் போடும் நாற்காலியில் நானே இருக்கிறேன். 9.65ஐக் கண்டால் என் பேனாவும் தயங்குகிறது.

பெரிய விஞ்ஞானிகளும் இதற்கு விலக்கல்லர். 1913இல் மில்லிகன் எண்ணெய்த் துளிச் சோதனையால் எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்தார். காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்துக்கொண்ட மதிப்பு பிழையானதால், விடை சுமார் 0.6 விழுக்காடு குறைந்தது. பின்வந்தோரின் விடைகள் ஒரே தாவலில் சரியாகாமல் சிறிது சிறிதாகவே உயர்ந்தன. மில்லிகனிடமிருந்து விலகியபோது மட்டும் அவர்கள் பிழை தேடினார்கள் என்று ஃபெயின்மன் 1974இல் ஓர் உரையில் சுட்டிக்காட்டினார்.

நிறுவனங்கள் எப்படி? கல்பாக்கத்திலேயே இரண்டு ஈனுலைகளைப் பார்ப்போம். சிறிய சோதனை உலை, பிரான்சின் ராப்சோடி உலையை ஒட்டி அமைந்தது. 1974 பொக்ரான் வெடிப்புக்குப் பின் அதற்கான செறிவூட்டிய யுரேனியம் வெளிநாட்டிலிருந்து வரவில்லை. நம் விஞ்ஞானிகள் 70 விழுக்காடு புளூட்டோனியம் கார்பைடு கலந்த புதிய எரிபொருளைச் செய்தார்கள். 1985 அக்டோபர் 18 அன்று தொடர்வினை தொடங்கியது. வடிவமைப்பு 40 மெகாவாட் வெப்பத்துக்கு. அவர்கள் தொடங்கியதோ சுமார் 10 மெகாவாட்டில். எரிந்த தண்டுகளைக் கட்டம் கட்டமாக வெளியே எடுத்து ஆராய்ந்த பிறகே வரம்பை உயர்த்தினார்கள். 40ஐ எட்டியது 2022 மார்ச்சில். இங்கே எதிர்பார்ப்பு அளவீட்டுக்குப் பணிந்தது.

500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையின் கதை வேறு. 2004இல் கட்டுமானம் தொடங்கியபோது 2010இல் முடியும் என்றார்கள். பிறகு தேதிகள் தள்ளிக்கொண்டே போயின. 2024 மார்ச் 4 அன்று பிரதமர் முன்னிலையில் உள்ளகம் நிரப்பும் பணி தொடங்கியதாக அறிவிக்கப்பட்டது. எரிபொருள் ஏற்றுவதற்கு ஒழுங்குமுறை வாரியம் அனுமதி தந்ததோ அந்த ஜூலையில்தான்! தாமதத்தை நான் குறை கூறவில்லை. திரவச் சோடியம் ஓடும் உலையில் அவசரம் ஆபத்து. ஆனால் இத்தனை தேதிகள் சொன்னவர்கள், எந்தத் தேதிக்கு அருகிலும் பிழை வரம்பைச் சொல்லவில்லையே! அவர்களும் நம்மைப் போன்ற ஆய்வுக்கூடங்களில் குறிப்பேடு எழுதி வந்தவர்கள்தாமே?

ஆகவே திருத்தத்தை என் வகுப்பிலிருந்தே தொடங்குகிறேன். இனி விடைக்கு இரண்டு மதிப்பெண். எடுத்த அளவுகளை அடிக்காமல் திருத்தாமல் எழுதி, பிழை வரம்பைக் கணக்கிட்டால் எட்டு. மாணவ நண்பர்களே, உங்களுக்கு 9.65 வந்தால் 9.65 என்றே எழுதுங்கள். எங்கே பிசகியது என்று இருவரும் சேர்ந்து தேடுவோம்.