நக்கீரர் ஒருவரா, பலரா?

முத்துக்குளிக்கும் துறைகளாற் புகழ்பெற்ற தென்பாண்டிக் கடற்கரையில், திருச்செந்தூர் என வழங்கும் திருச்சீரலைவாயில் நின்று திருமுருகாற்றுப்படையை ஓதும் அன்பர்க்கு, அதனை அருளிய நக்கீரர் யாவர் என்னும் ஐயம் எழுவதில்லை. தருமியின் பொருட்டு எழுந்த வழக்கில் இறைவனோடு வாதிட்டவரும், நெடுநல்வாடை பாடியவரும், இறையனார் களவியற்கு உரை கண்டவரும், கயிலைபாதி காளத்திபாதி அந்தாதி செய்தவரும் ஒருவரே என்பது வழிவழி வந்த எண்ணம். நூலாராய்வார்க்கோ இவ்வெண்ணம் பெரியதோர் இடர்ப்பாடாம். என்னை? ஒரு புலவர்க்குப் பல நூற்றாண்டு வாழ்நாள் கற்பிக்க வேண்டிவருதலின்.

பல பொருள் ஒரு சொல்லை வினையானும் இனத்தானும் சார்பானும் தெளியலாம் என்பது தொல்காப்பியக் கிளவியாக்கத்து விதி. மா பூத்தது எனின் மரமென்றும், மா ஓடிற்று எனின் விலங்கென்றும் தெளிகின்றோர், பலர்க்கு வழங்கும் ஒரு பெயரையும் அந்நெறியானே தெளிதல் தகும்.

முதற்கண் வினை. மதுரைக் கணக்காயனார் மகனார் எனப்பெறும் சங்கத்து நக்கீரர் அகமும் புறமும் பாடினார். அவரது நெடுநல்வாடைக்குத் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் தலைவன் என்பது மரபு. 11-ஆம் திருமுறையுட் காணப்பெறும் நக்கீரதேவ நாயனார் வாக்கிலோ வேந்தர்க்கு இடமில்லை. இறைவனும் அவனடியாருமே பாட்டுடைப் பொருள்.

இனி இனம். நாயனார் பெயரால் அத்திருமுறையுள் உள்ளன 10 நூல்கள். அவற்றுள் நூறு வெண்பாவாலாய அந்தாதி, மும்மணிக்கோவை, எழுகூற்றிருக்கை முதலிய நூல்வகைகள் பத்துப்பாட்டினும் எட்டுத்தொகையினும் இல்லை. மும்மணிக்கோவைக்கு உறுப்பாகிய கட்டளைக் கலித்துறையும் சங்கத்தார் அறியாத யாப்பேயாம்.

மூன்றாவது சார்பு. காளத்தியும் ஈங்கோய்மலையும் வலஞ்சுழியும் தேவாரம் பெற்ற திருப்பதிகள். திருக்கண்ணப்பதேவர் திருமறத்திற்குத் தலைவராகிய கண்ணப்பரைத் தேவார ஆசிரியர்கள் போற்றினர். எட்டுத்தொகை அவரைச் சுட்டவில்லை. ஆகவே இந்நாயனார் சங்கத்தார்க்குப் பன்னூறாண்டு பிற்பட்டவர் என்பது போதரும்.

களவியலுரையின் நிலை வேறு. நக்கீரரிடமிருந்து பத்துத் தலைமுறையாக வாய்மொழியில் வந்து முசிறியாசிரியர் நீலகண்டனாரை அடைந்தது என்று அவ்வுரையே தன் வரலாற்றைக் கூறுகின்றது. 7-ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் நெடுமாறனைப் பாடும் கோவைச் செய்யுட்கள் அதனுள் மேற்கோளாக நிற்றலின், இன்றுள்ள அதன் வடிவம் சங்கப்புலவர் கைப்பட்டதன்று.

அற்றேல், திருமுருகாற்றுப்படை ஏனை ஒன்பது நூல்களோடு ஒருங்குவைக்கப்பெற்றது எங்ஙனமெனின், பெயரொற்றுமையும், முருகன் பெருமையும், ஓதுவார் வழக்குமே காரணமாதல் வேண்டும். கீரர் செருக்கால் வெப்புற்றுப் பின் அந்தாதி பாடி உய்ந்தார் எனத் திருவிளையாடற் புராணம் கூறுவது, பிழைத்தாரையும் ஆட்கொள்ளும் அருட்டிறத்தை விளக்குதற்கே. காலக்கணக்குரைத்தல் அதன் கருத்தன்று. கபிலர், பரணர், கல்லாடர் என்னும் பெயர்களும் இவ்வாறே சங்கத்திலும் திருமுறையிலும் வழங்குகின்றன. நால்வர்க்கும் அத்திருமுறை 'தேவ நாயனார்' எனச் சேர்த்துக் கூறுதல் கருதற்பாலது.

இனி, திருமுருகாற்றுப்படை ஆசிரியரையும் நெடுநல்வாடை ஆசிரியரினின்று பிரிப்பாருளர். இரண்டும் அகவலால் இயன்று பத்துப்பாட்டென்னும் ஒரே தொகையுள் நிற்பன. ஒருவரே வேந்தனையும் வேலனையும் பாடுதல் கூடும். பொருள்வேற்றுமை ஒன்றே பற்றி ஆளைப் பிரித்தல், பெயரொற்றுமை ஒன்றே பற்றி ஆளை ஒன்றாக்குதல் போலவே குற்றமாம்.

தூத்துக்குடியில் 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோன முத்துக்குளிப்பில், ஒரே பாரில் எடுத்த முத்துக்களையும் துளையளவு வேறுபட்ட தட்டுக்களிற் சலித்துத் தரம் பிரித்தனர். பிரித்தமையால் எந்த முத்தும் ஒளி குறைந்ததில்லை. ஒவ்வொன்றற்கும் உரிய விலை தெரிந்தது. புலவரைப் பிரித்தறிதலும் அத்தகையதே.

பிரியாவழி வரும் இழப்பு யாதெனின், நக்கீரதேவ நாயனார் தமக்கெனப் பெயரில்லாதவர் ஆகின்றார். 12-ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் விரித்தோதிய கண்ணப்பர் வரலாற்றை அவர்க்கு முன்னரே அகவலிற் பாடிய அன்பர் அவர். அவரைச் சங்கத்து நக்கீரர் என்றே கொள்ளின், இறைவன் திருவருளில் உருகிய அவர் பாடல்கள் செருக்குற்ற ஒருவர் செய்த கழுவாயாகச் சுருங்கிவிடும். ஓர் அடியார் அன்பை மற்றொருவர் பிழைக்கு ஈடாக்குதல் அடியார்க்குச் செய்யும் வழிபாடாகாது.

திருமுறையின் பெருமை திருவருட் பொருளால் அமைவது. ஆசிரியர் ஒருவராயினும் பலராயினும் அது குன்றாது. அலைவாயில் ஆற்றுப்படை ஓதுவார் சங்கத்துச் சான்றோரை நினைக. திருமறம் ஓதுவார் அவர் பெயர் பூண்ட மற்றோர் அடியாரை நினைக. இருவர்க்கும் உரிய வணக்கம் அப்பொழுதே நிறைவுறும்.