யுத்தகால ஆராய்ச்சி நூல்களும் நம்மவர் கணக்கும்

பேராக்கில் நேரடியான யுத்தம் நடந்த நாட்கள் மிகச் சொற்பம். 1941 டிசம்பர் 8இல் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியர் அம்மாதம் முடிவதற்குள் ஈப்போவைப் பிடித்துக்கொண்டனர். டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை கம்பாரில் சண்டை நடந்தது. ஜனவரி 7இல் சிலிம் ரிவரில் பிரிட்டிஷ் சேனை சிதறியது. இவ்வளவும் ஒரு மாத காலத்துச் சங்கதி. பின்வந்த மூன்றரை வருஷ ஆட்சியோ பல தோட்டங்களின் லயங்களில் ஆண்மக்களே இல்லாதபடி செய்துவிட்டது. இக்காலத்தைப் பற்றி ஆராய விரும்பும் நம் இளைஞர் எந்த நூல்களைக் கையில் எடுக்க வேண்டும், அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையே இங்கு சிறிது ஆராயப் புகுகின்றோம்.

முதலாவதாக, சர்க்கார் சரித்திரங்கள். பிரிட்டிஷார் தரப்பில் வுட்பர்ன் கிர்பி என்பாரும் அவர் குழுவினரும் எழுதிய ஐந்து பாகங்கள் 1957 முதல் 1969 வரை வெளிவந்தன. இந்திய சர்க்கார் தரப்பில், பிஷேஷ்வர் பிரசாத் பொதுப் பதிப்பாசிரியராயிருந்த வரிசையில், தென்கிழக்காசியப் போரைப் பற்றிய பாகம் 1960இல் பிரசுரமாயிற்று. தேதி, படைப்பிரிவு, தேசப்படம் ஆகியவற்றிற்கு இவற்றை மிஞ்சிய நூல்கள் இல்லை. கம்பார் முகட்டில் நின்றவர் யார், சிலிமில் டாங்கிகள் எவ்வழியே புகுந்தன என்பதில் சந்தேகம் வந்தால் இவற்றையே திறக்க வேண்டும். ஆனால், தோட்டத்து வாசகர் ஒன்றைக் கவனிப்பாராக. சிலிம் ரிவர்ச் சண்டையைப் படிக்கும்போது குளூனி எஸ்டேட் என்னும் பெயர் எதிர்ப்படும். கூர்க்கா படை அங்கே தங்கியிருந்தது என்று அறிகின்றோம். அந்த எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் அன்று எங்கே ஓடினார்கள் என்பதை மட்டும் அறிய வழியில்லை. சேனாபதிகளுக்கு எஸ்டேட் என்பது மறைந்து நிற்க உதவும் மரக்கூட்டம். அங்கே பெரட்டுக்கு எழுந்து நின்ற மனிதர் அவர்கள் கண்ணில் படவில்லை. போர்ச் சரித்திரம் இத்தகையது என்று தெரிந்துகொண்டே அதைப் படிக்க வேண்டும்.

நிற்க. ஜனங்களின் வாழ்வை அறிய வேண்டுமாயின் பால் கிராட்டோஸ்கா 1998இல் வெளியிட்ட, ஜப்பானியர் ஆட்சியில் மலாயாவின் சமூக, பொருளாதார நிலையைப் பற்றிய நூலே இன்றும் தலைசிறந்தது என்பது நம் அபிப்பிராயம். யுத்தத்திற்கு முன் மலாயா உண்ட அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெளிநாட்டிலிருந்து வந்தது. கப்பல் நின்றதும் மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. வாழைமர நோட்டு அச்சாக அச்சாக அதன் மதிப்புக் காகிதத்தின் மதிப்புக்கு இறங்கியது. நம் பாட்டிமார் வாய்மொழியாகச் சொல்லக் கேட்ட இவை யாவும் அங்கே காரணகாரியத்தோடு விளக்கப்பட்டிருக்கின்றன. அக்காலத்துப் பத்திரங்களைப் பார்க்க நேரும் புதியவர் திகைக்காதிருக்க ஒரு வார்த்தை: 2602 என்று கண்டால் அது 1942, ஜப்பானிய சகாப்தத்தில் 660ஐக் கழிக்க வேண்டும். சியோனான் என்றால் சிங்கப்பூர். கடிகாரமும் டோக்கியோ நேரத்திற்குத் திருப்பப்பட்டதால், முன்னைய மலாயா நேரத்தைவிட ஒன்றரை மணி கூடுதலாகக் காட்டும்.

ஆயினும், இந்நூலிலும் தோட்டத்துத் தமிழன் தன் வாயால் பேசுவது அரிது. இக்குறையை ஆசிரியர்மேல் சுமத்துதல் நியாயமன்று. சர்க்கார் பத்திரமும் ஆங்கிலப் பத்திரிகையும் எழுத்தில் கிடைத்தன. தமிழன் தன் துயரத்தை எழுதி வைக்கவில்லை. எழுதத் தெரிந்தவர்களுக்கோ அப்போது அது எழுதத் தக்க விஷயமாகத் தோன்றவில்லை போலும்!

இனி, நம்மை நேரே தொடும் விஷயத்திற்கு வருவோம். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 1942, 1943ஆம் ஆண்டுகளில் போடப்பட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதையைப் பற்றிக் கிராட்டோஸ்கா தொகுத்த ஆவணங்கள் 2006இல் ஆறு பாகங்களாக வந்தன. அதற்கு முந்திய ஆண்டில் அவர் பதிப்பித்த, ஜப்பானியர்கீழ் உழைத்த ஆசியத் தொழிலாளரைப் பற்றிய தொகுப்பில், நாகஹாரா மிச்சிகோ என்னும் ஜப்பானியப் பெண்மணி மலாயாத் தொழிலாளரைக் குறித்து ஒரு கட்டுரை எழுதியிருக்கின்றார். ஆங்கிலம் அறிந்த ஒவ்வொரு தமிழரும் அதைப் படிக்க வேண்டும்.

அப்படிப் படிப்பவர் முதலில் தடுமாறுவது எண்களில்தான். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர் 75,000 முதல் 78,000 வரை என்பர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். மாண்டவர் ஒரு கணக்கில் 30,000க்குச் சற்றுக் குறைவு. மற்றொரு கணக்கில் 40,000க்கு மேல். இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள பேதம் பத்தாயிரத்திற்கு மேற்படுகின்றது. அதே பாதையில் வேலைசெய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கு மேற்பட்டவர். மாண்டவர் 12,000க்கு மேற்பட்டவர். அதாவது, நம்மவர் கணக்கில் நேர்ந்துள்ள சந்தேகமே, மாண்ட வெள்ளைச் சிப்பாய்களின் முழுத் தொகைக்கு ஏறக்குறையச் சமம்! அச்சிப்பாய்களுக்குப் பெயர், வயது, பட்டாளம், இறந்த தேதி யாவும் அச்சிட்ட பதிவேடுகளில் உள்ளன. காஞ்சனபுரிக் கல்லறையில் ஏறக்குறைய 7,000 பேருக்குத் தனித்தனிக் குழி உண்டு. முனியனுக்கும் ராமாயிக்கும் உள்ளது ஓர் எண்ணின் பங்கு. அந்த எண்ணும் நிச்சயமானதன்று.

பேதம் எதனால் வந்தது? ஜப்பானியர் கணக்கில் மாண்டவர், திரும்பியவர் என்பனவற்றோடு ஓடிப்போனவர் என்றொரு பத்தியும் உண்டு. அதில் பல்லாயிரம் பேர் அடக்கம். வாந்திபேதி பரவிய காட்டில், பாஷை தெரியாத நாட்டில், உணவின்றி ஓடியவர் எங்கே போய்ச் சேர்ந்திருப்பர்? சிலர் பிழைத்து வந்தனர் என்பதும் மெய். ஆகவே, அப்பத்தி முழுவதையும் மரணத்தில் சேர்ப்பதும் தவறு. அறவே ஒதுக்குவதும் தவறு. நம் மேடைப் பேச்சாளர் சிலர் ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று வாய்க்கு வந்தபடி முழங்குகின்றனர். பாதையில் மாண்ட எல்லா ஆசியத் தொழிலாளரையும், பர்மியரும் ஜாவாக்காரரும் உட்பட, சேர்த்துச் சொல்லும் மதிப்பீடுகளே ஒரு லட்சத்தை ஒட்டி நிற்கின்றன. அயலாருடைய பிணங்களையும் நம் கணக்கில் எழுதிக்கொண்டால், உள்ள கணக்கையும் பிறர் நம்பமாட்டார்.

ஜனத்தொகைக் கணக்கையும் ஒத்துப் பார்ப்பது நலம். 1931இல் மலாயாவில் 6,20,000க்கு மேலிருந்த இந்தியர் 1947இல் 6,00,000க்குச் சற்றுக் குறைவாக நின்றனர். கெர்னியால் சிங் சந்துவின் 1969ஆம் ஆண்டு நூலும், சின்னப்பா அரசரத்தினத்தின் 1970ஆம் ஆண்டு நூலும் இதற்கு உதவும். இக்குறைவு முழுவதும் சயாமால் வந்ததென்று முடிவுகட்டலாகாது. ரப்பர் விலை வீழ்ந்தபோது ஊர் திரும்பியவரும் பலர்.

உள்ளூர் நூல்களில் இரண்டைச் சுருக்கமாகச் சொல்வோம். சின் கீ ஓன் 1946இல் வெளியிட்ட நூல், சம்பவங்கள் ஆறுமுன் எழுதப்பட்டதாகையால் சூடும் பதற்றமும் உடையது; நகரத்து வாழ்வுக்கு நல்ல சாட்சி. பாப்பானில் மருத்துவம் புரிந்து, சித்திரவதைக்கு உள்ளாகி, 1948இல் மறைந்த சிபில் காத்திகேசு அம்மையாரின் நினைவுக் குறிப்பு 1954இல் வந்தது. ஈப்போவாசிகள் தம் ஊர்த் தெருக்களையே அதில் காணலாம்.

தமிழிலோ, ஆராய்ச்சி நூல் இருக்க வேண்டிய இடத்தை நாவல்களே வெகுகாலம் காத்து வந்தன. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993இலும், அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' 2005இலும் வெளிவந்தன. இவ்வாசிரியர்களுக்கு நாம் கடமைப்பட்டவர்கள். ஆனால் நாவலில் வரும் கங்காணியை ஆதாரமாகக் காட்டிச் சரித்திரக் கட்டுரை எழுதுவது நாவலுக்கும் நல்லதன்று, சரித்திரத்திற்கும் நல்லதன்று. கற்பனை செய்ய அவருக்குள்ள உரிமை ஆராய்ச்சியாளனுக்கு இல்லை.

ஆகவே இல்லாதிருப்பது எது? தோட்டவாரியாக, சயாமுக்குப் போனவர்களின் பெயர்ப் பதிவேடு. நம் கோயில் கும்பாபிஷேக மலர்களைப் புரட்டிப் பாருங்கள்: பத்து வெள்ளி கொடுத்தவர் பெயர்கூடத் தவறாமல் அச்சாகியிருக்கும். அதே தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றப்பட்டவர் பெயர் ஒன்றேனும் அதில் உண்டா? தோட்டங்கள் துண்டாடப்பட்டன; செம்பனையாயின; வீட்டுமனையாயின. செக்ரோல் புத்தகங்கள் கறையானுக்குப் போயின. நேரில் கண்டவரில் எஞ்சியோர் விரல்விட்டு எண்ணத் தக்கவரே. ஆனால் பிள்ளைகளும் பேரன்மாரும் இருக்கின்றனர். தகப்பன் திரும்பாத வீட்டில் அவன் பெயர் மறக்கப்படுவதில்லை.

ஈப்போ, சுங்கை சிப்புட், பத்து காஜா, கம்பார், தாப்பா, சிலிம் ரிவர் முதலிய ஊர்களிலுள்ள வாசகசாலைகளும் சங்கங்களும் ஆளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு இதைத் தொடங்கலாம். போனவர் பெயர், தகப்பன் பெயர், வயது, தோட்டத்தின் ஆங்கிலப் பெயர், நம்மவர் வழங்கிய தமிழ்ப் பெயர், போன மாதம், திரும்பினாரா என்பது, இதைச் சொன்னவர் யார், அவருக்கு என்ன உறவு என்பது ஆகியவற்றை எழுத வேண்டும். தமிழ்ப் பெயரை மறந்தால் ஒரே தோட்டம் இரண்டாகிவிடும். தகப்பன் பெயரை விட்டால் நாற்பது ராமசாமிகள் ஒருவராகிவிடுவர். தெரியாத கட்டத்தில் 'தெரியாது' என்றே எழுதுக.