ஒரு முன்னுரையை வாபஸ் வாங்குகிறேன்

போன வருஷம் நண்பர்கள் சிலர் தங்கள் சிறு வெளியீடு ஒன்றுக்கு முன்னுரை கேட்டார்கள். திருநெல்வேலி–தென்காசி மீட்டர்கேஜ் பாதை அகலப்பாதையானபோது கழித்துப் போட்ட சாமான்களைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் அவர்கள். சிக்னல் கை, கைவிளக்கு, அட்டை டிக்கெட், இரண்டு மூன்று தண்டவாளத் துண்டு. தாமிரவருணிக் கரை ஊர் ஒன்றில் ஒரு மைல் தூரத்துக்காவது மீட்டர்கேஜ் பாதையைத் தங்கள் கையாலேயே மறுபடி போட்டு, அதில் நீராவி எஞ்சின் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் கனவு. நல்ல பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சொந்தக் காசு போட்டு அலைகிறவர்கள். நானும் எழுதிக் கொடுத்தேன். ‘இழந்த நினைவை மீட்டெடுத்தல்’, ‘மக்களே தம் வரலாற்றின் காவலர்கள்’ என்று இரண்டு பக்கம். அச்சுக்குப் போகுமுன் பெரியப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அங்கேதான் வந்தது வினை.

பெரியப்பா மீட்டர்கேஜ் காலத்துக் கீமேன். சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவே காருக்குறிச்சிப் பக்கம், தோளில் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தண்டவாளத்தோடு நடந்து நடந்தே ஆயுசில் பாதியைக் கழித்தவர். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “எல்லாம் சரிதாம்ல. தண்டவாளம் வருது, எஞ்சின் வருது, பாலம் வருது. நாங்க எங்கல வாறோம்?”

“மக்கள்னு போட்டிருக்கேனே, பெரியப்பா.”

“மக்கள்னா யாருல? வண்டில போனவனும் மக்கள்தான். வண்டி போகணும்னு வெயில்ல கெடந்தவனும் மக்கள்தான். ரெண்டும் ஒண்ணா?”

எனக்குப் பதில் வரவில்லை. அந்த முன்னுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அதற்கான காரணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நண்பர்களின் கனவுக்கு மூலப்பிரதி வேல்ஸில் இருக்கிறது. டாலிலின் என்கிற குறுகிய பாதை, கல்குவாரியிலிருந்து சிலேட்டுக்கல் இறக்குவதற்காக 1860களில் போடப்பட்டது. குவாரி 1946இல் மூடப்பட்டது. 1948இல் பிரிட்டனில் ரயில்வே தேசவுடைமையானபோது இந்தச் சின்னப் பாதை அதில் சேராமல் தப்பியது. உரிமையாளர் 1950இல் செத்துப்போக, டாம் ரோல்ட் என்கிற எழுத்தாளரும் அவர் கூட்டாளிகளும் ஒரு சங்கம் வைத்துப் பாதையை ஏற்று நடத்தினார்கள். அவர்கள் ஓட்டிய முதல் வண்டி கிளம்பியது 1951 மே 14 அன்று. தன்னார்வலர்கள் காப்பாற்றி ஓட்டிய ரயில்பாதைகளில் உலகத்திலேயே இதுதான் முதலாவது என்கிறார்கள். சரியாக ஒரு மாதம் முன்னால், 1951 ஏப்ரல் 14இல், இங்கே தென்னிந்திய ரயில்வே முதலான பாதைகளை ஒன்றாக்கித் தெற்கு ரயில்வே பிறந்தது. வெள்ளைக்காரன் கம்பெனி நம்ம சர்க்கார் சொத்தாகிவிட்டது என்று இங்கே ஒரு தலைமுறை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்த அதே வாரங்களில், அங்கே சில பேர் சர்க்கார் கைக்குப் போகாத ஒரு பாதையைக் காப்பாற்றப் புறப்பட்டிருக்கிறார்கள். ‘தன்னார்வம்’ என்பதை அங்கிருந்து அப்படியே பெயர்த்து இங்கே நடும்போது இந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது.

டாலிலின் கதையை வைத்து 1953இல் ஒரு நகைச்சுவைப் படம் வந்தது: ‘தி டிட்ஃபீல்ட் தண்டர்போல்ட்’. மூடப்படுகிற கிளைப்பாதையை ஊரே சேர்ந்து காப்பாற்றுகிற கதை. ரயில் ஆர்வலர்களுக்கு அது கிட்டத்தட்ட வேதம். அதை ஒரு பிரதியாக வைத்து வாசித்துப் பார்த்தால் சுவாரசியமான விஷயங்கள் கிடைக்கின்றன. எஞ்சின் ஓட்டுகிறவர் ஊர்ப் பாதிரியார். முன்னால் நிற்கிறவர் பெரிய வீட்டுக்காரர். பணம் போடுகிற கனவானுக்கு ஒரே ஆசைதான், மதுக்கடை திறப்பதற்கு முந்தியே ரயிலில் உட்கார்ந்து குடிக்கலாம். வில்லன்கள் பஸ் முதலாளிகள். ரயில்வேயில் நிஜமாகவே வேலை பார்த்த ஆள் என்று ஒருவர் வருகிறார். பழைய ரயில்பெட்டி ஒன்றில் குடியிருக்கும் குடிகாரர், கோமாளி. கடைசியில் வண்டிக்குப் பெட்டி இல்லாமல் போகும்போது என்ன செய்கிறார்கள்? அவர் குடியிருக்கிற பெட்டியைத் தூக்கி ஒரு தட்டை வேகனில் வைத்துக் கட்டி ஓட்டுகிறார்கள். தியேட்டரில் எல்லாரும் சிரித்திருப்பார்கள். நானும் சிரித்தேன். ஊர் தன் பாரம்பரியத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது, அதற்கு விலையாகத் தொழிலாளியின் வீடு போகிறது. படம் அதை ஒரு தமாஷாக மட்டுமே பார்க்கிறது. என் முன்னுரையும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்திருந்தது.

ஆனால் வேல்ஸ்காரர்களை இப்படி ஒரே வீச்சில் தள்ளிவிடவும் முடியாது. அங்கேயே ஃபெஸ்டினியாக் என்று இன்னொரு பாதை. ஒரு மின்திட்டத்தின் நீர்த்தேக்கத்தில் அதில் ஒரு பகுதி முழுகிப்போயிற்று. ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் மாணவர்களுமாக, 1965 தொடங்கிப் பதின்மூன்று வருஷம் மலைச்சரிவில் மண்வெட்டி பிடித்துச் சுற்றுப்பாதை ஒன்றை வெட்டினார்கள். ஒரு வாத்தியார் விடுமுறை நாளில் கேங்மேன் வேலை பார்த்தால் அவர் முதுகுக்கு ஒரு விஷயம் தெரிந்துபோகும். சிலிப்பர் கட்டைக்கு அடியில் ஜல்லியை இறுக்குவது என்றால் என்ன என்று எந்தப் புத்தகமும் அதைச் சொல்லித்தர முடியாது. அதே சமயம், சுரங்கம் குடைய வேண்டி வந்தபோது கார்ன்வால் சுரங்கத் தொழிலாளிகளைச் சம்பளம் கொடுத்துத்தான் கூப்பிட்டார்கள். ஆர்வம் எதுவரை போகும், எங்கே தொழில் தெரிந்த கை வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது சொல்லுக்கு வருவோம். தன்னார்வம். தாமிரவருணிப் பள்ளத்தாக்கில் கூலியில்லாத பொதுவேலைக்கு இதைவிடப் பழைய பெயர் ஒன்று உண்டு: குடிமராமத்து. கன்னடியன் கால், கோடகன் கால், பாளையங்கால் என்று வாய்க்கால்களை வருஷாவருஷம் தூர்வாரிக் கரை போட்டது அப்படித்தான். ஊர் ஒற்றுமைக்கு அடையாளமாக நம்மில் பலரும் இதைக் கொண்டாடுகிறோம். 1858இல் கும்பினி சர்க்கார் சென்னை மாகாணத்தில் இதற்குக் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே ஒன்று போட்டது. தானாக வருகிறவனுக்கு எதற்குச் சட்டம்? நிலம் ஒருத்தன் பேரில், மண்வெட்டி இன்னொருத்தன் கையில் என்றிருந்த ஊரில், ‘ஊர் சேர்ந்து செய்தது’ என்கிற வாக்கியத்தில் எழுவாய் யார்? வெட்டி, ஊழியம் என்கிற சொற்களை இன்னும் மறக்காத தெருக்கள் இங்கே உண்டு. அந்தத் தெருவில் போய் ‘சம்பளமில்லாமல் தண்டவாளம் போட வாங்க’ என்று கூப்பிட்டால் அது வேறு மாதிரித்தான் கேட்கும். வேல்ஸ் வாத்தியாருக்கு ஓய்வுநேர இன்பமாக இருக்கிற வேலை, என் பெரியப்பாவுக்கு அவர் உடம்பு முழுக்கக் கொடுத்த வேலை. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் கட்டியதுதான் நான் செய்த பிழை.

இந்தப் பாதையின் கதையை நாம் எப்படிச் சொல்கிறோம் என்று பாருங்கள். 1902இலிருந்து 1904க்குள் திருநெல்வேலி, கல்லிடைக்குறிச்சி, செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர், கொல்லம் என்று பாதை போய்ச் சேர்ந்தது. மலைவழி மீட்டர்கேஜ் 2010 செப்டம்பரில் நின்றது. திருநெல்வேலி–தென்காசி அகலப்பாதை 2012 செப்டம்பரில் வந்தது. செங்கோட்டை–புனலூர் முழுசாகத் திறக்க 2018 ஜூன் ஆகிவிட்டது. மலைப்பாதையை மட்டுமாவது அப்படியே விட்டுவைக்கக் கூடாதா என்று அப்போது ஏங்கியவர்களில் நானும் ஒருவன். கழுதுருட்டிப் பதிமூன்று கண் பாலத்தை இடிக்காமல் பலப்படுத்தி வைத்துக்கொண்டார்கள். நல்ல காரியம். எல்லாரும் அதற்குக் கீழே நின்று போட்டோ எடுக்கிறார்கள். அந்தப் பாலத்துக்குக் கல் சுமந்தவர்கள், மலைக்காய்ச்சலில் செத்தவர்கள் யாருடைய பெயரும் நம் கதையாடலில் கிடையாது. ரயிலும் சரித்திரமும் சந்திக்கிற இடம் என்றால் நமக்கு மணியாச்சிதான். வாஞ்சி, ஆஷ், 1911 ஜூன் 17. அதாவது, வண்டி நின்றிருந்தபோது நடந்தது சரித்திரம். வண்டி ஓடுவதற்காக அன்றாடம் நடந்தது எதுவும் சரித்திரம் இல்லை.

யாரும் மீட்க வராத பாதையும் இங்கே ஒன்று உண்டு. திருச்செந்தூரிலிருந்து குலசேகரன்பட்டினம், உடன்குடி வழியாகத் திசையன்விளைக்கு ஒரு குட்டி ரயில் ஓடியது. பாரி கம்பெனி நிர்வாகத்தில், குலசேகரன்பட்டினம் சர்க்கரை ஆலையை ஒட்டி 1914இல் வந்தது, 1940இல் நின்றுபோனது. தேரிக்காட்டுப் பனைமரங்களுக்கு நடுவே ஓடிய வண்டி. பதிமூன்று கண் பாலம் மாதிரி போட்டோவுக்கு ஏற்ற எதுவும் அதில் மிச்சமில்லை, அதனால் அது பாரம்பரியமாகவும் இல்லை. ஆனால் அந்தக் கடற்கரை ஊர்க்காரர்கள் கன்னியாகுமரி வரைக்கும் ரயில் வேண்டும் என்று மனுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். பயணிகள் சங்கம் என்று லெட்டர்பேடு அடித்து, தங்கள் காசில் மதுரைக்கும் சென்னைக்கும் அலைகிற அந்த ரிட்டயர்டு வாத்தியார்களையும் கடைக்காரர்களையும் யாரும் தன்னார்வலர் என்று சொல்வதில்லை. அவர்கள் கேட்பது பாரம்பரியம் இல்லை, காலையில் ஏழு மணிக்கு ஒரு வண்டி.

இன்னொன்று. பாதை மூடாமலே ரயில் மூடப்படலாம். 2020இல் பாசஞ்சர் வண்டிகளை நிறுத்திவிட்டு, பிறகு ‘சிறப்பு எக்ஸ்பிரஸ்’ என்ற பேரில் அதே வண்டிகளைத் திரும்ப விட்டார்கள். பத்து ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் முப்பது ரூபாய் ஆனது. அது பத்துக்குத் திரும்ப 2024 பிப்ரவரி ஆயிற்று. அந்த நாலு வருஷம் பூக்கூடையோடும் கீரைக்கட்டோடும் ஏறுகிற பொம்பளைகளுக்குப் பாதை திறந்திருந்ததா, மூடியிருந்ததா? அதே காலத்தில் வேறு ஊர்களில் கண்ணாடிக்கூரை போட்ட பாரம்பரிய ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தன. மத்தியப் பிரதேசத்தில் பாதால்பானி–காலாகுண்ட் மீட்டர்கேஜ் துண்டு 2018 டிசம்பரிலேயே அப்படி ஆகிவிட்டது. அதன் அழகை நான் மறுக்கவில்லை. அது யாருக்கான ஜன்னல் என்றுதான் கேட்கிறேன்.

2023 டிசம்பர் 17 ராத்திரி நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸை ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்திவைத்தார்கள். அதற்கு மேல் ஜல்லியும் மண்ணும் அடித்துக்கொண்டு போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. வண்டியில் சுமார் எண்ணூறு பேர். பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள், தங்கள் ஊரும் வெள்ளத்தில் கிடக்க, இருந்த அரிசியைப் போட்டுப் பொங்கி அத்தனை பேருக்கும் சோறு போட்டார்கள். அடுத்த மூன்று வாரத்துக்குள் பாதையைத் திரும்பத் திறந்தவர்கள் டிராக்மேன்களும் கூலிக்காரர்களும். பாழாய்ப்போன ஒரு ரயில்பாதையைத் தாமிரவருணிப் பள்ளத்தாக்கு மனிதர்கள் மீட்டுத் திறந்த கதை ஒன்றை நான் எழுதியிருக்க வேண்டுமென்றால், இதை எழுதியிருக்க வேண்டும். நான் நீராவி எஞ்சினைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

நண்பர்களிடம் இதையெல்லாம் சொன்னேன். ஒருவர் கோபித்துக்கொண்டார், “உங்களுக்கு எதையெடுத்தாலும் அரசியல்தான் அண்ணாச்சி” என்று. மற்றவர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பெரியப்பாவைத் தேடி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். தாங்கள் சேர்த்து வைத்திருந்த தண்டவாளத் துண்டில் கீ அடிப்பது எப்படி என்று காட்டச் சொன்னார்கள். அவர் காட்டவில்லை. “மொதல்ல சத்தம் கேளுங்கல” என்று சுத்தியலால் லேசாக ஒரு தட்டுத் தட்டினார். இறுகியிருந்தால் ஒரு ஓசை, தளர்ந்திருந்தால் இன்னொன்று. பிள்ளைகள் மாறி மாறித் தட்டிப் பார்த்தார்கள். அவர்களில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

முன்னுரைக்கு ஒதுக்கிய இரண்டு பக்கத்தில் அவருடைய கேங்கில் இருந்தவர்களின் பெயரைப் போடுவது என்று முடிவாயிற்று. பெரியப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பதினொரு பேர் தேறினார்கள். பன்னிரண்டாவது ஆளின் பெயர் அவருக்கு எவ்வளவு யோசித்தும் வரவில்லை. சங்கரன்கோயிலான் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்களாம். அப்படியே எழுதியிருக்கிறேன்.