எப்படிச் செல்வது?

கோயில் கட்டுரைகளின் கடைசியில் ஒரு பெட்டிச் செய்தி வரும். ‘எப்படிச் செல்வது? எங்கு தங்குவது? நடை திறக்கும் நேரம்?’ கட்டுரையை விட்டுவிட்டு இதை மட்டும் வெட்டி எடுத்து பர்ஸில் வைத்துக்கொள்கிறவர்கள் அநேகம். தப்பில்லை. மாமா, அத்தை, குழந்தைகள் என்று வேன் பிடித்துக் கிளம்புகிறவருக்குத் தலபுராணத்தைவிட எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் கவலை.

தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் ‘வேங்கடம் முதல் குமரி வரை’ எழுதியபோது வழி, கட்டுரைக்குள்ளேயே இருந்தது. சிற்பத்தைச் சொல்கிற அதே மூச்சில் எங்கே இறங்கி எப்படிப் போவது என்பதையும் சொல்லிவிடுவார். பெட்டி தனிக்குடித்தனம் போனது பிற்பாடு.

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள நவக்கிரகத் தலங்களுக்கு அந்தப் பெட்டி போதும். பஸ் உண்டு, லாட்ஜ் உண்டு, வழி தப்பினால் டீக்கடையில் கேட்கலாம். பொக்காபுரத்துக்குப் போதாது.

நீலகிரியில், மசினகுடியை அடுத்து, முதுமலைக் காட்டையொட்டி இருக்கிறது பொக்காபுரம் மாரியம்மன் கோயில். பிப்ரவரி - மார்ச்சில் திருவிழா. படுகர்களும் கோவைக்காரர்களும் கர்நாடகத்துக்காரர்களும் ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். பெட்டி இதை இரண்டு வரியில் முடித்துவிடும்: ‘ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடி சுமார் 30 கி.மீ. காட்டை ஒட்டிய ரிசார்ட்டுகளில் தங்கலாம்.’

இரண்டு வரியிலும் வில்லங்கம்.

முதல் வரி. கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்த கார் ஒன்று அங்கே உருண்டு ஐந்து பேர் இறந்தார்கள். இரண்டு நாள் வரை யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு வெளியூர் வண்டிகள் அந்த வழியாக இறங்கத் தடை வந்தது. கூடலூர், தெப்பக்காடு என்று சுற்றினால் தூரம் இரண்டு மடங்குக்கு மேல். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் நுழையவே இ-பாஸ். மைசூர் பக்கமிருந்து வந்தால், பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடல்.

இரண்டாவது வரி இன்னும் மோசம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவே யானைகள் போய்வருகிற வழி இந்த சீகூர்ப் பகுதி. அந்த வழித்தட அறிவிப்பு செல்லும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021 ஜனவரியில் மசினகுடியில் யானை மீது நெருப்பை எறிந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். அந்த யானை பிழைக்கவில்லை. ‘ரிசார்ட்டுகளில் தங்கலாம்’ என்று எழுதும் பேனா இதையெல்லாம் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

“அப்படியானால் கோயிலுக்கே போகக் கூடாதா சார்?” என்பீர்கள். யார் சொன்னது? முதுமலை புலிகள் காப்பகமானது 2007-ல். அதற்கு வெகுகாலம் முன்பே அம்மனைக் கும்பிட்டவர்களைத் திடீரென்று அத்துமீறியவர்களைப் போல நடத்தினால் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால், நாலு பஸ் மட்டும் வந்த காலத்து பக்தியும், கோடையின் வாசலில், காய்ந்த காட்டுக்குள் ஆயிரம் கார் நுழைகிற இன்றைய பக்தியும் காட்டுக்கு ஒன்றல்ல.

நான் பி.காம். ஆசாமி. வரவு மட்டும் எழுதி, பற்று எழுதாத கணக்கை எந்த ஆடிட்டரும் பாஸ் பண்ண மாட்டார். நம் ஆன்மிகச் சுற்றுலா எழுத்தின் கோளாறு அதுதான். தரிசனம், பலன், பரிகாரம் எல்லாம் வரவில். நாம் போவதால் அந்த ஊருக்கு ஆகிற செலவு எந்தப் பக்கத்திலும் இல்லை.

மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊரைத் தாண்டக் கூடாது, அசைவம் கூடாது என்று ஆயிரம் ‘கூடாது’களுக்குக் கட்டுப்பட்டவர்கள்தான் நாம். வண்டியை நடுக்காட்டில் நிறுத்தாதே, குரங்குக்கு பிஸ்கட் போடாதே, பிளாஸ்டிக் கொண்டுபோகாதே, இருட்டுமுன் திரும்பிவிடு. இவற்றையும் விரதத்தில் சேர்த்துக்கொண்டால் அம்மன் கோபிக்கப் போவதில்லை. செக்போஸ்ட்டில் கார்டு சொல்லும்போதுதான் அது கெடுபிடி. பெட்டியில் முதலிலேயே எழுதிவிட்டால் நியமம்.

ஆகவே பெட்டியில் ஒரு கேள்வி கூடுதலாகத் தேவை: ‘என்ன செய்யக் கூடாது?’ இடமில்லை என்று சப்-எடிட்டர் சொன்னால், கோபுரத்தின் படத்தைக் கொஞ்சம் சின்னதாகப் போடட்டும்.